வலிக்கலை என்று அக்கா சொன்ன ஞாயிற்றுக்கிழமை

1

உலகத்தில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளைகள் இருக்கின்றன. அத்தனையையும் வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்லக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருவன்தான். அவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான். அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் அக்காவின் கன்னத்தில் கண்டுபிடித்து, அவளுடைய இடது கண்ணை ஒற்றை ஆளாகக் காப்பாற்றினேன்.

[ஓரத்தில், சிவப்பு மையில்: முதல் வரியிலேயே ஆரம்பிச்சுட்டியா? உங்க பெயின்ட் கம்பெனி நிற அட்டையில இருந்தது நாற்பத்தொரு வெள்ளை. நானே எண்ணியிருக்கேன். என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. ஒண்ணும் ஆகாததை யார் காப்பாத்த முடியும்? – அக்கா]

பார்த்தீர்களா? இந்தக் கதையில் இப்படித்தான் நடக்கப்போகிறது. எழுதிய பக்கங்களை அக்காவிடம் கொடுத்துத் திருத்தி வாங்குகிறேன். அவள் முப்பத்தாறு வருடம் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள், சிவப்புப் பேனாவைக் கொடுக்கவில்லை.

நான் பெயின்ட் கம்பெனியில் நிறம் பொருத்துகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்காரர் பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுவருவார். அதே நிறத்தை நான் கலந்து கொடுக்க வேண்டும். வீட்டில் எனக்குப் பெயர் 'பத்து'. நான் சொல்வதைப் பத்தால் வகுத்தால் உண்மை வரும் என்பது அக்கா கண்ட சூத்திரம். அவள் சொல்வதைப் பத்தால் பெருக்க வேண்டும் என்பது நான் கண்டது. கால் எலும்பு முறிந்த பிறகு மூன்று நாள் நின்றுகொண்டே பாடம் நடத்திவிட்டு, "லேசாப் பிசகிடுச்சு" என்று சொன்ன பெண்மணி அவள்.

மூன்றாவது ஆள் அக்கா மகள். டாக்டர். கண்ணுக்குக் கீழே குழி விழுந்து சுருக்கம் கட்டிப்போனவர்களுக்கு, அந்தக் குழியில் ஊசியால் ஜெல் ஏற்றி மேடாக்குவது அவள் தொழில். அவ்வளவுதான், வேறு ஆள் கிடையாது.

கதை பிறந்த காரணத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த ஞாயிறு முடிந்து ஏழு வாரம் ஆகிறது. ஏழு வாரமாக அக்கா மகள் ஊசியைத் தொடவில்லை. வருகிறவர்களை எல்லாம் வேறொரு டாக்டரிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். வாரம் ஒரு தடவை அம்மாவிடம் வந்து ஒரே கேள்வி கேட்கிறாள்.

"அம்மா, அன்னிக்கு வலிச்சுதா?"

"இல்லைடி. வலிக்கலை."

போன வாரம் என்னைக் காரில் இறக்கிவிட வந்தவள், வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மாமா, வலிச்சிருந்தா ஒரு மாதிரி. உடம்பு சொல்லியிருக்கு, அம்மா மறைச்சுட்டாங்கன்னு வச்சுக்கலாம். நான் மறுபடி வேலைக்குப் போயிடுவேன். வலிக்கவே இல்லைன்னா வேற மாதிரி. ரத்தக்குழாய் அடைச்சும் வலிக்காத முகம் ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். அடுத்து என் நாற்காலியில உட்கார்றவங்க முகம் எந்த மாதிரின்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் கண்ணு போயிடும், மாமா."

இதை வார்த்தை மாறாமல் அக்காவிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவள் பத்தால் வகுத்துவிட்டாள். "வலிச்சுதுன்னு சொன்னா, பெத்த தாயைக் குத்தி வதைச்சுட்டேன்னு அவ ஒரு மாசம் சாப்பிடமாட்டா. நீ கதை கட்டாதே" என்றாள்.

கதை கட்டாதே என்று சொன்ன பிறகு நான் வேறு என்ன செய்ய முடியும்?

2

எப்படி ஆரம்பிப்பது என்பதில் நாலு நாள் போனது. கழித்துக் கட்டியவற்றில் சில:

"அந்த ஊசியின் நுனியில் ஒரு குடும்பத்தின் விதி தொங்கிக்கொண்டிருந்தது" – (தொங்கட்டும். இப்படி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.)

"அழகு என்பது என்ன? ஆதிகாலம் தொட்டு மனித இனம்" – (எனக்கே கொட்டாவி வந்தது.)

"அக்கா கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு" – (விடமாட்டாள். கண்ணாடியில் அவள் பார்ப்பது கண்ணாடியில் அழுக்கு இருக்கிறதா என்பதை மட்டும்தான்.)

அப்படிப்பட்டவள் ஏன் ஊசிக்குப் போனாள் என்றுதானே கேட்கிறீர்கள்? பத்து வருடமாக எங்கே போனாலும் ஒரே விசாரிப்பு. பால் வாங்கப் போனால், "டீச்சர், உடம்புக்கு முடியலையா?" வங்கிக்குப் போனால், "அம்மா, ராத்திரி சரியாத் தூங்கலையா?" அக்கா படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அப்படித் தூங்குகிறவளைப் பார்த்துத் தூங்கவில்லையா என்று கேட்டால் கோபம் வராதா? "சரியான விடை எழுதியும் தப்புன்னு போட்ட மாதிரி இருக்குடா" என்றாள் ஒரு நாள். அதற்கு மறுவாரம் மகளிடம் போய், "இந்தக் குழியை மூடு" என்று உத்தரவு போட்டாள்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் பூட்டியிருக்கும்போதுதான் வருவாள். ஏனென்றால் அங்கே இருக்கிற நர்ஸ் ஏழாம் வகுப்பில் அக்காவிடம் படித்தவள். "என்கிட்ட பின்னம் படிச்ச பொண்ணு என் சுருக்கத்தை எண்ணணுமா?"

[சிவப்பு மை: இது மட்டும் உண்மை.]

எல்லா வினையும் இந்த இடத்தில்தான். ஏனென்று சொல்கிறேன். அந்த கிளினிக்கில் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் ஒவ்வொரு முறை மருந்தை ஏற்றியதும், நர்ஸ் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், மூக்கோரத்தில் விரலால் அழுத்தி எடுத்து, சத்தமாக எண்ணுவாள். அழுத்திய இடம் வெளுக்கும். இரண்டு எண்ணுவதற்குள் ரத்தம் ஓடிவந்து நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஜெல் போகக்கூடாத குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்தக் குழாய்களுக்குக் கண்ணோடு உறவு உண்டு. உள்ளே தள்ளிக்கொண்டு போனால் பார்வை போய்விடும். ஊசி பிடித்த கை எண்ணக்கூடாது என்பது அக்கா மகள் தானே போட்ட சட்டம். தன் வேலை சரியாக இருக்கிறது என்று நம்ப எல்லோருக்கும் ஆசை இருக்கும், அதனால் அடுத்தவர் எண்ண வேண்டும்.

அந்த ஞாயிறு எண்ணுவதற்கு ஆள் இல்லை. நான் இருந்தேன். ஐஸ் பொட்டலத்தைப் பிடித்துக்கொள்ள.

3

இனி அக்காவின் தலைக்குள் புகுந்து எழுதப்போகிறேன். எழுதுகிறவனுக்கு இது ஒரு சலுகை. அவள் அனுமதி கொடுக்கவில்லை.

நாற்காலி பின்னால் சாய்ந்தபோது, தன் கால் தலையைவிட உயரத்தில் இருப்பதை அவள் உணர்ந்தாள். முதுகுக்குக் கீழே விரித்த காகிதம் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரத்தது. முகத்துக்கு மேலே வட்ட விளக்கு. கண்ணை மூடியும் இமைக்குள் ஆரஞ்சாகத் தெரிந்தது. மகளின் மூச்சு கன்னத்தில் பட்டது. இத்தனை நெருக்கத்தில் இந்த மூச்சு படுவது, இவள் கைக்குழந்தையாக இருந்ததற்குப் பிறகு இப்போதுதான் என்று–

[சிவப்பு மை: நான் அப்படியெல்லாம் நினைக்கலை. காலைல துணி காயப்போட்டேனான்னு நினைச்சேன்.]

–காலையில் துணி காயப்போட்டோமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வலது பக்கம் பிசகில்லாமல் முடிந்தது. அக்கா மகள் ஏற்றினாள், தானே அழுத்தினாள், தானே எண்ணினாள். தன் சட்டத்தைத் தானே மீறுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. "வலிக்குதாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். "இல்லை" என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த தம்பி – நான்தான், என்னையே 'தம்பி' என்று எழுதிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது – சும்மா இருக்கவில்லை. முதல் ஊசிக்கே, "ஐயோ, ரத்தம் ஆறா ஓடுது" என்றான். ஓடியது ஒரு சொட்டு. இரண்டாவது ஊசிக்கு, "அக்கா முகம் பச்சையாயிடுச்சு" என்றான். அக்கா மகள் ஊசியை எடுத்துவிட்டுப் பதறிப் பார்த்தாள். பிறகு, "மாமா, இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா வெளியில நிக்க வச்சிடுவேன்" என்றாள்.

மூன்றாவது தடவை உண்மையாகவே ஏதோ நடக்கப்போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

4

இடது பக்கம். இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. மூக்கோரமாக இன்னும் ஒரு சிறு பள்ளம் மிச்சம். "போதும்னு விட்டிருக்கலாம், மாமா" என்று பிற்பாடு அக்கா மகள் சொன்னாள். அம்மாவின் முகம் என்பதால் விட மனம் வரவில்லை. வெளி ஆளாக இருந்தால் விட்டிருப்பாள்.

மணி இரண்டு பத்து. ஊசி இறங்கியது.

அக்காவுக்கு அப்போது

அக்கா அந்த நொடியில்

(இந்த இரண்டு வாக்கியத்தையும் முடிக்க முடியவில்லை. கிடக்கட்டும். பின்னால் வருகிறேன்.)

"வலிக்குதாம்மா?"

"இல்லை."

தம்பி ஐஸ் பொட்டலத்தை நீட்ட எழுந்தான். கன்னத்தைப் பார்த்தான். மூக்குக்கும் கன்ன மேட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளை.

ஒரு நிமிடம் கதையை நிறுத்தித் தொழில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த வெள்ளையும் வெறும் வெள்ளை இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் அடிநிறம் உண்டு. ஒன்றில் மஞ்சள் ஓடும், ஒன்றில் நீலம், ஒன்றில் ரோஜாச் சிவப்பு. மரத்துப்போவதற்குத் தடவுகிற கிரீமும் தோலை வெளுக்கவைக்கும். அக்காவின் முகம் முழுக்க அந்த வெளுப்பு இருந்தது. ஆனால் அதற்கு அடியில் சிவப்பு இருந்தது, உயிர் இருந்தது. இந்த ஒரு இடத்தில் மட்டும் அடிநிறமே இல்லை. நாற்பது வருடத்தில் நான் அப்படி ஒரு வெள்ளையைக் கலந்ததில்லை.

"வெளுத்திருக்கு" என்றான் தம்பி.

"கிரீம், மாமா. உட்காருங்க." அவள் திரும்பவில்லை. அடுத்த துளியை ஏற்ற ஊசியைச் சாய்த்தாள்.

அந்த இடத்தில் நான் என்ன செய்வது? உரக்கக் கத்தலாம். கத்தினால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். "அக்கா மூஞ்சி சுண்ணாம்பாயிடுச்சு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அறுபத்தைந்து வருடமாக எதையும் அதன் அளவில் சொல்லிப் பழகாத வாய். வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"மூக்குக்குப் பக்கத்துல. என் சுண்டுவிரல் நகம் அளவு. அதைவிடப் பெருசு இல்லை. கிரீம் வெளுப்புக்கு அடியில சிவப்பு இருக்கு. இதுக்கு அடியில ஒண்ணும் இல்லை."

அவள் கை நின்றது. இத்தனை சின்னதாக மாமா பேசி அவள் கேட்டதே இல்லை. ஊசியை எடுத்தாள். அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள்.

"ஒண்ணு. ரெண்டு." குரல் இறங்கியது. "மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு."

[சிவப்பு மை: அஞ்சு வரைக்கும்தான் எண்ணினா. ஏழு உன் சரக்கு.]

(படிப்பவர்கள் கவனிக்க. அன்றைக்குத் தான் பாதி தூக்கத்தில் இருந்ததாகவும், என்ன நடந்தது என்றே தெரியாது என்றும் ஏழு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த பெண்மணி இவர். அஞ்சு வரைக்கும் கூடவே எண்ணியிருக்கிறார்.)

5

அக்கா மகள் எழுந்த வேகத்தில் சக்கர முக்காலி சுவரில் போய் இடித்தது. மூலையில் சின்ன ஃப்ரிட்ஜ். அதில்தான் ஜெல்லைக் கரைக்கிற மருந்து இருந்தது. பொடியாக இருக்கும், உப்பு நீர் விட்டுக் கலக்க வேண்டும். முதல் புட்டியின் மூடியை அவளால் திறக்க முடியவில்லை. இரண்டாவதை நான் திறந்தேன்.

"அம்மா, கண்ணைத் திறங்க. என்னைப் பாருங்க. இது எத்தனை விரல்?"

"மூணு."

"இப்போ வலது கண்ணை மூடிக்கோங்க. இடது கண்ணுல பாருங்க. எத்தனை?"

"ரெண்டு. என்னடி இது, ஒண்ணாங்கிளாஸ் கணக்கு?"

மருந்தை ஏற்றினாள். மூக்கோரம், கன்னம், கண்ணுக்குக் கீழே, இடம் விடாமல். விரலால் தேய்த்தாள். நான் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து பிழிந்து கொடுத்தேன். அழுத்தினாள், எண்ணினாள். நாலு. அந்த வெள்ளையைச் சுற்றி ஊதா நிறத்தில் வலை மாதிரி கோடுகள் கிளம்பின. அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த துணியைப் பிழிந்து நீட்டினேன். எதையாவது சொன்னால் பெரிதாகிவிடுமோ என்று பயம்.

"எத்தனை விரல், அம்மா?"

"நாலு."

அவள் காட்டியது நாலுதான். இருவரும் மூச்சு விட்டோம். கண் மருத்துவமனைக்கு ஃபோன் போட்டுத் தோளில் இடுக்கிக்கொண்டே அடுத்த புட்டியைக் கலக்கினாள். "ஆமா, இடது பக்கம். பார்வை இப்போதைக்கு இருக்கு. இப்போதைக்கு" என்றாள்.

"வலிக்குதாம்மா? உண்மையைச் சொல்லுங்க."

"வலிக்கலைம்மா. நீ பதறாம செய்."

இரண்டே முக்கால். மூன்று. மூன்று பத்து. விரல் கேள்வி இருபது தடவையாவது நடந்திருக்கும். (பத்தால் வகுக்காதீர்கள். இருபதுதான்.) ஒவ்வொரு தடவையும் பதில் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் மூன்று பேரும் அவரவர் இடத்தில் செத்துப் பிழைத்தோம். மூன்று இருபதுக்கு அவள் மறுபடி அழுத்தினாள். "ஒண்ணு. ரெண்–"

அடியில் சிவப்பு வந்தது. வெள்ளைக் கலவையில் ஒரே ஒரு துளி சிவப்பு விட்டுக் கிளறினால் மெதுவாக எழுமே, அப்படி.

காரில் கண் மருத்துவமனைக்குப் போனோம். விழியை விரித்துப் பார்த்துவிட்டு, பார்வைக்குச் சேதம் இல்லை என்றார்கள். அக்கா வீட்டுக்கு வந்து துணியை மடித்தாள். காயப்போட்டுத்தான் இருந்தாள்.

6

நியாயமாகக் கதை இங்கே முடிய வேண்டும். கண் பிழைத்துவிட்டது, சுபம் போடலாம். ஆனால் கண்ணைக் காப்பாற்றியவளின் கை ஏழு வாரமாகச் சும்மா கிடக்கிறது. நான் முடிக்காமல் விட்ட இரண்டு வாக்கியங்களும் நாலாம் பகுதியில் அப்படியே கிடக்கின்றன. மணி இரண்டு பத்துக்கு அக்காவுக்கு உள்ளே என்ன நடந்தது?

முடிவு ஒன்று: ஒன்றும் நடக்கவில்லை. வலிக்காத முகம். அக்கா மகள் கிளினிக்கை மூடுகிறாள்.

முடிவு இரண்டு: வலித்தது, அக்கா சாகும்வரை சொல்லவில்லை. அக்கா மகள் கிளினிக்கை மூடுகிறாள்.

முடிவு மூன்று: நான் ஒரு பொய்ச் சாட்சி சொல்கிறேன். "அம்மா முகம் சுளிச்சதை நான் பார்த்தேன்" என்று. யார் நம்புவார்கள்? என் பேர் என்ன?

(அடைப்புக்குள் இருக்கும் இந்தப் பத்தியை அக்காவுக்குக் கொடுக்கிற பிரதியிலிருந்து உருவிவிட்டேன். உங்களுக்கு மட்டும். முப்பத்தாறு வருடத்தில் அக்கா ஒரு தப்பு விடையையும் திருத்தாமல் விட்டதில்லை. உண்மையைச் சொல்லு என்று கேட்டால் சொல்லமாட்டாள். தப்பாக எழுதிக் கொடுத்தால் பேனா தானாக இறங்கும். ஆகவே நாலாம் பகுதியின் முடியாத வாக்கியத்தை வேண்டுமென்றே கெடுத்து முடித்து, நல்ல பிரதியில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். மட்டமான உவமையாகத் தேடிப் பிடித்தேன். எழுதும்போதே கை கூசியது.)

அக்காவுக்கு அப்போது எறும்பு கடித்தாற்போல் ஒரு சிறு சுருக். பூப்போல வந்தது, பூப்போலவே போய்விட்டது.

7

பக்கங்களைக் கொடுத்து இரண்டு நாள் ஆகியும் திரும்பவில்லை. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். மூன்றாம் நாள் நானே போனேன். சாப்பாட்டு மேஜையில் பக்கங்கள் அடுக்கியிருந்தன. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே பழைய குழி பழையபடி இருந்தது, ஏற்றியதெல்லாம் கரைந்துவிட்டதே.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"எழுத்துப்பிழை ஒன்பது. எடுத்துட்டுப் போ."

"அவ்வளவுதானா?"

"போடா. எனக்கு வேலை இருக்கு."

தெருவில் நின்றுகொண்டே புரட்டினேன். எறும்பு என்ற சொல் காகிதம் கிழிகிற அளவுக்கு அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் இடம் போதாமல், பக்கத்தைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்தாள். அப்படியே கொடுக்கிறேன், ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை:

[எறும்பு இல்லை. எறும்பு தோல்ல கடிக்கும். இது உள்ளே. மூக்கோரத்துல ஆரம்பிச்சு, மேல் பல்லு வரிசையில ஓடி, கண்ணுக்குப் பின்னால போய் நின்னுது. காய்ச்சின கம்பி. ஒண்ணுலேர்ந்து அஞ்சு எண்ணுறதுக்குள்ள நாற்காலிக் கைப்பிடியோட உறையை நகத்தால கிழிச்சுட்டேன். இடது பக்கம், அடியில. வேணும்னா போய்ப் பார். தெரியாம எழுதாதே.]

இனி இதற்கு ஒரு முடிவு வேண்டும். அக்கா மகள் அந்தக் கைப்பிடியைத் தடவிப் பார்க்கிறாளா, மறுபடி ஊசியை எடுக்கிறாளா, அன்றைக்கு எண்ணுவதற்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் நீங்கள் கேட்பீர்கள். எழுத ஆசைதான். எழுதினால், ஊரே கூடி நின்று கைதட்டியது என்று முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா உங்களிடம் எதை எதையெல்லாம் 'ஒண்ணும் இல்லை' என்று சொன்னார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடியுங்கள்.

இந்தப் பகுதியையும் ஒழுங்காக அக்காவிடம் கொடுத்தேன், உருவிய பத்தியையும் சேர்த்து. நிற்க வைத்துத் திட்டப்போகிறாள் என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றேன். அவள் உட்கார்ந்து படித்தாள். இரண்டு தடவை படித்தாள். கடைசி வரிக்குக் கீழே எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, ஃபோனைத் தேடி உள்ளே போனாள்.

[நீ எழுதினதெல்லாம் நடந்தது. அஞ்சு இல்லை, ஏழு வரைக்கும்தான் எண்ணினா. வலிச்சுது. அவகிட்ட நானே சொல்றேன், நீ பக்கத்துல நிக்காதே. – அக்கா]